பக்கவாதத்துக்கு உடம்பைக் குளிரூட்டுவது: எந்த முறை என்பதற்கு முன், எத்தனை டிகிரி?

உங்கள் கேள்வியில் இரண்டு மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. 58 வயது அப்பாவை உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறீர்கள். வலது கை கால் விழுந்து, பேச்சும் குழறுகிறது. மறுநாள் இரவு 101 டிகிரி காய்ச்சல் வந்ததும் நர்ஸ் கக்கத்தில் ஐஸ் பேக் வைத்திருக்கிறார். ஜெர்மனியில் இருக்கும் மச்சான், "இங்கே தொடை ரத்தக்குழாயில் டியூப் விட்டு உடம்பையே குளிரவைப்பாங்க, மூளை பிழைச்சிரும்" என்கிறார். பெரியம்மா, "ஐஸ் வெச்சா ஜன்னி கண்டுரும், எடுக்கச் சொல்லு" என்கிறார். ஐஸ் பேக், குளிர்நீர் ஓடும் போர்வை, டியூப், தலைக்குத் தொப்பி இவற்றில் எது சிறந்தது, அதற்காகச் சென்னைக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் முன்னால் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: எத்தனை டிகிரிக்குக் கொண்டுவரப் போகிறோம்? அது தெரிந்தால்தான் எந்த முறை என்று பேச முடியும். ஐசியூவில் பக்கவாத நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் என்ற முறையில் எழுதுகிறேன். அப்பாவின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை. ஆகவே பொதுவாக என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைத்தான் சொல்ல முடியும்; அவருக்கு என்ன செய்வது என்பதை அங்கே இருக்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் மச்சான் சொல்வதும் அந்த நர்ஸ் செய்ததும் வெவ்வேறு சிகிச்சைகள். முதலாவது, உடம்பின் இயல்பான வெப்பத்தையே கீழே இறக்குவது: 33 முதல் 35 டிகிரி செல்சியஸ், அதாவது ஃபாரன்ஹீட்டில் 91.4 முதல் 95 வரை. இரண்டாவது, ஏறிய காய்ச்சலை இயல்புக்குக் கொண்டுவந்து 37.5-க்கு, அதாவது 99.5 ஃபாரன்ஹீட்டுக்கு மேலே போகாமல் வைத்திருப்பது. கருவி ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் சிகிச்சையின் நோக்கமும் ஆபத்தும் முற்றிலும் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் குடும்பத்தில் இவ்வளவு குழப்பம்.

முதலாவதன் மேல் மருத்துவ உலகத்துக்கு இருந்த ஆசை நியாயமானது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் மூளையின் எரிபொருள் செலவு ஏறக்குறைய 6 சதவீதம் குறைகிறது. ரத்தம் வராமல் தவிக்கும் மூளைப் பகுதி இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், வீக்கமும் குறையும் என்பது கணக்கு. எலி போன்ற விலங்குகளில் செய்த ஆய்வுகளை எல்லாம் 2007-ல் தொகுத்துப் பார்த்தபோது, குளிரூட்டியவற்றில் மூளைச் சேதத்தின் அளவு சராசரியாக 44 சதவீதம் குறைந்திருந்தது. பக்கவாதத்துக்கு ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு நல்ல பலன் காட்டிய சிகிச்சைகள் குறைவு. ஆனால் எலிக்குப் பெரும்பாலும் அடைப்பு உண்டான சில நிமிடங்களிலேயே, மயக்க மருந்தின் கீழ் குளிரூட்டுகிறார்கள். மனிதர் ஆஸ்பத்திரிக்கு வந்துசேரவே மணிக்கணக்காகிறது. பெரும்பாலும் விழித்தபடிதான் வருகிறார். விழித்திருக்கும் உடம்பு குளிரை எதிர்த்துப் போராடும்.

மனிதர்களில் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் யூரோஹிப்-1 என்ற ஆய்வு, விழித்திருக்கும் பக்கவாத நோயாளிகளை 34 முதல் 35 டிகிரிக்கு இறக்கி 24 மணி நேரம் வைத்துப் பார்க்கத் திட்டமிட்டது. 1,500 பேர் வேண்டும் என்று தொடங்கி, 98 பேரோடு நின்றுபோனது. 2019-ல் வெளியான முடிவில் பலன் எதுவும் தெரியவில்லை. குளிரூட்டப் பிரித்த குழுவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுக்கே திட்டமிட்ட வெப்பநிலை எட்டியது என்பதுதான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. உங்கள் மச்சான் சொல்லும் டியூப் முறையை அமெரிக்காவை மையமாகக் கொண்ட இக்டஸ் ஆய்வுகள் சோதித்தன. 2010-ல் வெளியான முதல் கட்டத்தில் 58 பேர். குளிரூட்டப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு நிமோனியா வந்தது, மற்றவர்களில் 10 சதவீதத்துக்குத்தான். அடுத்த கட்டம், ரத்தக்கட்டியை டியூப் வழியாக வெளியே எடுக்கும் சிகிச்சை 2015-ல் நிரூபணமானதையடுத்து 120 பேரோடு நிறுத்தப்பட்டது. அதிலும் நிமோனியா குளிரூட்டப்பட்டவர்களில் 19 சதவீதம், மற்றவர்களில் 10.5 சதவீதம் என்றுதான் இருந்தது. இந்த எண்ணிக்கையை வைத்து இரண்டாம் கட்டத்தில் கெடுதி நிச்சயம் என்று சொல்ல முடியாது, ஆனால் நல்லது என்று சொல்லவும் வழியில்லை. மூளை பெரிதாக வீங்கி மண்டையோட்டைத் திறந்து அறுவை செய்தவர்களை 33 டிகிரிக்குக் குளிரூட்டிய ஜெர்மன் ஆய்வு ஒன்று, சிக்கல்கள் கூடுதலாக வந்ததால் 50 பேரோடு நிறுத்தப்பட்டது. அதுவும் 2019-ல்தான் வெளியானது. ஆகவே ஜெர்மனியிலும் இது பக்கவாதம் வந்த எல்லாருக்கும் செய்யும் வழக்கமான சிகிச்சை அல்ல.

மாரடைப்பில் இதயம் நின்று திரும்பியவர்களுக்கும், பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தைகளுக்கும் குளிரூட்டுகிறார்களே என்று அடுத்துக் கேட்பார்கள். அவர்களுக்கு மூளை முழுவதற்கும் ரத்தம் நின்று மறுபடி ஓடத் தொடங்கியிருக்கிறது. பக்கவாதத்தில் ஓர் இடத்தில் மட்டும் அடைப்பு அல்லது கசிவு. அந்தக் கணக்கை இங்கே கொண்டுவர முடியாது. அதோடு, இதயம் நின்றவர்களுக்கே 33 டிகிரி அவசியமில்லை, காய்ச்சல் வராமல் பார்த்தால் போதும் என்று 2021-ல் வெளியான டிடிஎம்-2 ஆய்வு காட்டியது. இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்றிலும் பச்சிளம் குழந்தைகளில் நடந்த ஹெலிக்ஸ் ஆய்வில், குளிரூட்டிய குழுவில் இறப்பு கூடுதலாக இருந்தது. அதுவும் 2021-ல்தான். வெளிநாட்டில் பலித்தது நம் ஊர் ஆஸ்பத்திரியில் அப்படியே பலிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆக அப்பாவுக்கு இப்போது பொருந்துவது இரண்டாவது நோக்கம்தான்: காய்ச்சலை 37.5-க்குக் கீழே வைப்பது. இதில் எது உறுதி, எது சந்தேகம் என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்த முதல் சில நாட்களில் காய்ச்சல் வருகிறவர்கள், வராதவர்களைவிட மோசமாக முடிகிறார்கள் என்பது உறுதி. காய்ச்சலைக் குறைத்தால் அந்த மோசம் மாறுமா என்பது இன்னும் சந்தேகம். 2024-ல் வெளியான இன்ட்ரெபிட் ஆய்வில் 677 பேர். ஒரு பாதிக்கு, உடம்பில் ஒட்டிக் குளிரூட்டும் ஜெல் பட்டை இயந்திரம் கட்டிக் காய்ச்சல் வராமலே தடுத்தார்கள். காய்ச்சலின் சுமை, அதாவது எவ்வளவு காய்ச்சல் எவ்வளவு நேரம் என்ற அளவு, பாதியாகக் குறைந்தது, ஆனால் மூன்று மாதத்தில் அன்றாடச் செயல்பாட்டில் வித்தியாசம் இல்லை. மறுபுறம், ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. அவற்றில் ஏறக்குறைய பாதிப் பிரிவுகளில் நர்ஸுகளே முன்னின்று முதல் 72 மணி நேரம் மூன்றைக் கவனித்தார்கள்: வெப்பம் 37.5-ஐத் தொட்டால் பாரசிட்டமால், சர்க்கரை ஏறினால் இன்சுலின், வாய் வழியாக எதையும் கொடுப்பதற்கு முன் விழுங்கும் சோதனை. 90 நாளில் இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்திருந்தவர்கள் அந்தப் பிரிவுகளில் 42 சதவீதம், மற்றவற்றில் 58 சதவீதம். மூன்றும் சேர்ந்து செய்ததால் இதில் காய்ச்சல் கட்டுப்பாட்டின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனாலும் எந்த விலையுயர்ந்த குளிரூட்டும் கருவியும் இதுவரை காட்டாத பலன் இது. மதுரையில் எந்த வார்டிலும் செய்யக்கூடியதும்கூட.

இனி முறைகளுக்கு வருகிறேன். கொஞ்சம் வெப்பக் கணக்கு தெரிந்தால் எல்லாம் எளிதாகப் புரியும். 60 கிலோ உடம்பை ஒரு டிகிரி செல்சியஸ் இறக்க ஏறக்குறைய 50 கிலோ கலோரி வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். சும்மா படுத்திருக்கும் உடம்பு மணிக்கு 60, 70 கிலோ கலோரி வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டும் இருக்கிறது. ஒரு கிலோ ஐஸ் உருகினால் 80 கிலோ கலோரியை இழுக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் தோலிலிருந்து ஆவியானாலோ 580 கிலோ கலோரி வரை இழுக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். ஆகவே ஈரத்துணியும் ஃபேனும் சேர்ந்த முறையை ஏழை வைத்தியம் என்று இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். ஆவியாதலுக்கான வெப்பத்தில் ஒரு பகுதி காற்றிலிருந்தும் போகும் என்பதால் முழுக் கணக்கும் கிடைக்காது. இருந்தாலும் 200 மில்லி ஆவியானாலே கணிசமான பலன்.

அதைச் சரியாகச் செய்வது எப்படி என்பதுதான் விஷயம். தண்ணீர் வெதுவெதுப்பாக, 30 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்க வேண்டும். ஐஸ் தண்ணீரில் துணி நனைத்தால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, உள்ளே இருக்கும் வெப்பம் வெளியே வராமல் அடைபடும், நடுக்கமும் வரும். துணியைப் பிழிந்து மார்பு, வயிறு, தொடை என்று விரித்துத் துடைத்து, மேலே காற்று ஓட விட வேண்டும். ஈரத்துணியைப் போட்டுவிட்டு அதன் மேல் போர்வை போர்த்தினால் ஆவியாக வழியில்லை, வேலை வீண். சித்திரை வெயிலில் மதுரைக் காற்று வறண்டிருக்கும்போது இது நன்றாக வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது பலன் குறையும். அப்போது ஏசி அறை உதவும். ஏசி காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துவிடுகிறது. ஸ்பிரிட் அல்லது கொலோன் தடவித் துடைக்கும் பழைய பழக்கம் வேண்டாம். அது தோல் வழியாக உடம்புக்குள் போகும், நடுக்கத்தையும் தூண்டும்.

ஐஸ் பேக் இதைவிடச் சிறிய பரப்பில் வேலை செய்கிறது. பெரிய ரத்தக்குழாய்கள் தோலுக்கு அருகில் வரும் கழுத்தின் இரு பக்கம், கக்கம், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வைப்பதுதான் முறை. துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும். 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துத் தோலைப் பார்க்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு வலது பக்கம் உணர்ச்சியும் குறைந்திருக்கலாம். அங்கே குளிரில் தோல் புண்ணானாலும் அவருக்குத் தெரியாது, பேச்சும் குழறுவதால் சொல்லவும் முடியாது. ஆகவே அந்தப் பக்கத்தை இன்னும் அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள். கையிலும் காலிலும் ஐஸ் வைக்கக் கூடாது. அங்கே வைத்தால் நடுக்கம்தான் வேகமாக வரும். 38-க்குக் கீழே இறங்கியதும் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் வெப்பம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஐஸ் பேக்கின் பெரிய குறையும் அதுதான்: இறக்கும், ஆனால் ஒரே அளவில் நிறுத்தி வைக்காது.

குளிர்ந்த சலைன் என்பது 4 டிகிரியில் ஃப்ரிட்ஜில் வைத்த சலைனை நரம்பு வழியாக ஏற்றுவது. 60 கிலோ ஆளுக்கு ஒரு லிட்டர் ஏற்றினால் முக்கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். எந்தக் கருவியும் வேண்டாம், ஆனால் ஏற்றி முடித்ததும் பலன் போய்விடும். திரும்பத் திரும்ப ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இதயம் நின்று திரும்பியவர்களுக்கு ஆம்புலன்ஸிலேயே 2 லிட்டர் வரை ஏற்றிப் பார்த்த அமெரிக்க ஆய்வில் பிழைப்பவர்கள் கூடவில்லை; வழியிலேயே மறுபடி இதயம் நிற்பதும் நுரையீரல் நீரும் கூடின. இதயம் அல்லது கிட்னி பலவீனமானவருக்குக் காய்ச்சலைக் குறைக்க என்று மட்டும் இதைச் செய்வது எனக்கு உடன்பாடில்லை.

இயந்திரங்களில் முக்கியமாக மூன்று வகை. குளிர்நீர் ஓடும் போர்வை, உடம்பில் ஒட்டும் ஜெல் பட்டை, ரத்தக்குழாய்க்குள் போகும் டியூப். போர்வையைக் கீழே ஒன்றும் மேலே ஒன்றும் போட்டால்தான் சரியாக வேலை செய்யும். இடையில் மெல்லிய விரிப்பு ஒன்று வேண்டும். ஜெல் பட்டைகள் முதுகு, வயிறு, தொடை என்று உடம்பின் 40 சதவீதம் வரை மூடும். வெப்பமானியோடு இணைந்து தண்ணீரின் குளிரைத் தானே கூட்டிக் குறைக்கும். டியூப் தொடைச் சிரை வழியாக உள்ளே போகும். அதில் உள்ள பலூன்களுக்குள் குளிர்ந்த சலைன் சுற்றி வரும்; அது ரத்தத்தோடு கலப்பதில்லை, தொட்டுச் செல்லும் ரத்தத்தைக் குளிர்விக்கிறது. நெதர்லாந்தில் ஐந்து முறைகளை 10, 10 பேரில் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2007-ல் வெளியிட்டார்கள். ஐசியூ நோயாளிகளில் செய்த ஆய்வு, பக்கவாதத்துக்கு மட்டுமானதல்ல. மணிக்கு இறங்கிய வேகம் டியூபில் 1.5 டிகிரி, நீர்ப் போர்வையில் 1.3, ஜெல் பட்டையில் 1.0, குளிர்ந்த சலைனும் ஐஸ் பேக்கும் சேர்ந்த பழைய முறையில் 0.3, குளிர்காற்றுப் போர்வையில் 0.2. வேகத்தில் முதல் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில்தான். ஆனால் இறக்கிய பிறகு குறித்த அளவிலேயே நிறுத்தி வைப்பதில் டியூப் தனித்து நின்றது: அளவை விட்டு விலகியிருந்த நேரம் டியூபில் 3 சதவீதம், ஜெல் பட்டையிலும் நீர்ப் போர்வையிலும் ஏறக்குறைய பாதி நேரம், பழைய முறையில் முக்கால்வாசி நேரம்.

இதைப் படித்தால் டியூப்தானே சிறந்தது என்று தோன்றும். 33 டிகிரியில் நாள் முழுக்க நிறுத்த வேண்டும் என்றால் ஆமாம். தோலுக்குச் சூடு கொடுத்துக்கொண்டே உள்ளே குளிரூட்டலாம் என்பதால் விழித்திருப்பவருக்கும் அது ஓரளவு தாங்கும். ஆனால் அதற்குப் பெரிய சிரையில் ஊசி குத்த வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டவருக்கு அங்கே ரத்தம் கசியும். டியூபைச் சுற்றிக் கட்டி உறையும், கிருமி தொற்றும். 101 டிகிரி காய்ச்சலை 99.5-க்குக் கொண்டுவர இவ்வளவும் எதற்கு? நான் தேர்ந்தெடுப்பதென்றால், மயக்கத்தில் வென்டிலேட்டரில் இருந்து, பாரசிட்டமாலுக்கு அடங்காத காய்ச்சல் உள்ளவருக்கு முதலில் ஜெல் பட்டை அல்லது நீர்ப் போர்வை. விழித்திருக்கும் உங்கள் அப்பா போன்றவருக்குப் பாரசிட்டமால், ஏசி அறை, ஈரத்துணி. பட்டையும் டியூபும் ஒருவருக்கு ஒருமுறைதான் பயன்படும், விலையும் அதிகம். யாராவது போடச் சொன்னால், "எத்தனை டிகிரிக்கு, எத்தனை நாளைக்கு, காப்பீட்டில் வருமா" என்று மூன்றையும் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

தலைத் தொப்பியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வளர்ந்தவர்களின் மூளைக்கு நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் போல வெதுவெதுப்பான ரத்தம் உள்ளிருந்து வந்துகொண்டே இருக்கிறது. வெளியே தொப்பி வைத்தால் மேல்பரப்புக் கொஞ்சம் குளிரும், ஆழத்தில் போய்ச் சேராது. மூக்குக்குள் குளிர்ந்த திரவத்தைத் தெளித்து ஆவியாக்கும் கருவி மூளையை நேரடியாகக் குளிரூட்டும், ஆனால் விழித்திருப்பவரால் தாங்குவது கடினம். கட்டியை எடுத்த கையோடு அதே டியூப் வழியாக 4 டிகிரி சலைனை மூளைத் தமனிக்குள் செலுத்தும் முறையைச் சீனாவில் முயன்றார்கள். உடம்பு முழுவதும் குளிராமல் பாதித்த இடம் மட்டும் குளிர்கிறது என்பதால் எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். ஆனாலும் 2016-ல் வெளியான முதல் ஆய்வு 26 பேரில் மட்டும் செய்தது. பாதுகாப்பாகச் செய்ய முடிகிறது என்றுதான் அது காட்டியது.

பெரியம்மாவின் பயத்துக்கு வருகிறேன், அதை ஒதுக்கிவிடக் கூடாது. ஐஸ் வைப்பதால் வலிப்பு வராது. ஆனால் நடுக்கம் வரும், அது அவர் நினைப்பதைப் போலவே கெடுதிதான். நடுங்கும் உடம்பு வழக்கத்தைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு வெப்பத்தையும் ஆக்சிஜன் செலவையும் கூட்டும். மூளைக்குச் சேமிக்க நினைத்ததைத் தசை எரித்துவிடும். காய்ச்சலின்போது இது இன்னும் எளிதாக வரும், காரணம் மூளையே உடம்பின் இலக்கை 39 என்று உயர்த்தி வைத்திருக்கிறது. இலக்கை இறக்காமல் வெளியே மட்டும் குளிரூட்டினால் 38-லேயே உடம்பு நடுங்கி எதிர்க்கும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் பாரசிட்டமால், அது வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம், அதன் பிறகே ஈரத்துணியோ ஐஸோ. நடுக்கம் தொடங்குவதைத் தாடையிலும் கழுத்திலும் மார்பிலும் கை வைத்தால் முதலில் உணரலாம்; இதய மானிட்டர் கோட்டில் மெல்லிய அதிர்வும் தெரியும். அது கைக்குப் பரவும் முன் நிறுத்த வேண்டும். காலுக்கு சாக்ஸ், கைக்கு உறை, தேவைப்பட்டால் கை கால்களுக்கு மட்டும் வெதுவெதுப்பான துணி போட்டால் பலருக்கு அடங்கும். அதற்கும் மேல் மக்னீசியம், பெதிடின், டெக்ஸ்மெடெடோமிடின் போன்ற மருந்துகள் இருக்கின்றன; பெதிடினால் மூச்சு மந்தமாகும், கிட்னி பழுதானவருக்கு வலிப்பும் வரலாம், ஆகவே அது ஐசியூவில் மட்டும். பக்கவாதத்துக்குப் பிறகு உண்மையான வலிப்பும் சிலருக்கு வருவதுண்டு. நடுக்கம் இரு பக்கமும் சீராக இருக்கும், கூப்பிட்டால் பார்ப்பார், போர்த்தினால் குறையும். வலிப்பு பெரும்பாலும் ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுக்கும், கண் ஒரு பக்கம் செருகும், கூப்பிட்டால் பதில் இருக்காது. இரண்டாவதைப் பார்த்தால் உடனே கத்திக் கூப்பிடுங்கள்.

எந்த முறையானாலும் வெப்பமானி தவறினால் எல்லாம் தவறும். கக்கத்தில் எடுக்கும் அளவு உள்வெப்பத்தைவிட அரை டிகிரி செல்சியஸ் வரை குறைவாகக் காட்டும். கக்கத்தில் ஐஸ் பேக் வைத்துவிட்டு, எடுத்த கையோடு அங்கேயே தெர்மாமீட்டர் வைத்தால் 97 என்றுகூடக் காட்டும். உள்ளே 101 இருக்கும். பரபரப்பான வார்டுகளில் நடக்கிற தவறு இது. நெற்றியில் காட்டும் துப்பாக்கி வெப்பமானி, ஃபேன் காற்றிலும் வியர்வையிலும் ஏமாற்றும். விழித்திருப்பவருக்குக் காது வெப்பமானி பரவாயில்லை. காதை மேலும் பின்னுமாக இழுத்து வைக்க வேண்டும். இயந்திரம் போட்டிருந்தால் உணவுக்குழாயிலோ சிறுநீர்ப் பையிலோ வெப்பமானி கண்டிப்பாக வேண்டும். சிறுநீர் சரியாகப் போகாவிட்டால் சிறுநீர்ப்பை அளவையும் நம்ப முடியாது. ஒரு தாளில் நேரம், எந்த இடத்தில் எடுத்தது, கடைசியாகப் பாரசிட்டமால் எப்போது என்று நீங்களே குறித்து வையுங்கள். ரவுண்ட்ஸ் வரும் டாக்டருக்கு அது பெரிய உதவி.

ஏதாவது காரணத்தால் யாரையாவது 35-க்குக் கீழே இறக்கியிருந்தால், திரும்ப ஏற்றுவதுதான் ஆபத்தான கட்டம். மணிக்கு 0.1 முதல் 0.25 டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது. வேகமாக ஏறினால் மூளை அழுத்தம் திடீரென்று உயரும். குளிரில் இறங்கிய பொட்டாசியமும் சூடேறும்போது மேலே எகிறி இதயத் துடிப்பைக் கெடுக்கும். இறங்கியிருக்கிறதே என்று குளிரில் பொட்டாசியத்தை நிறைய ஏற்றிவிட்டால் இந்தக் கட்டத்தில் சிக்கல் இரட்டிப்பாகும்.

பாரசிட்டமால் 50 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு ஒரு முறைக்கு 1 கிராம், 6 மணிக்கு ஒருமுறை, நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை குறைந்தவருக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். குடிப்பழக்கமோ கல்லீரல் நோயோ இருந்தால் இன்னும் குறைவு. அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். நரம்பு வழியாக 15 நிமிடத்தில் ஏற்றும்போது சிலருக்கு ரத்த அழுத்தம் விழும், பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிறார்கள் என்று தெரியாமல் வெளியே வாங்கிய டோலோ போன்ற பாரசிட்டமால் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். காய்ச்சல் இல்லாதவர்களுக்கும் சேர்த்துத் தினம் 6 கிராம் கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வில் ஒட்டுமொத்தப் பலன் தெரியவில்லை, ஆகவே அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்பதிலும் பயனில்லை. காய்ச்சல் சட்டென்று இறங்கும் என்று டைக்ளோஃபெனாக் ஊசி போடச் சொல்லாதீர்கள். கிட்னிக்கும் ரத்தக் கசிவுக்கும் அது நல்லதல்ல.

இவ்வளவையும்விட முக்கியம், காய்ச்சல் ஏன் வந்தது என்பது. இரண்டாம் நாள் காய்ச்சலுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது நுரையீரலை. பேச்சு குழறுபவருக்கு விழுங்குவதும் குழறியிருக்கும். பார்க்க வந்த சொந்தக்காரர் பாசத்தில் ஊட்டும் இரண்டு ஸ்பூன் காபியும் இளநீரும் நுரையீரலுக்குள் போய்விடும். விழுங்கும் சோதனை முடியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம் என்று வீட்டாரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தி வையுங்கள், வாயைத் துடைத்துச் சுத்தமாக வையுங்கள். அடுத்து சிறுநீர் டியூப், ஊசி குத்திய இடத்தில் சிவப்பு, சில நாள் கழித்து வந்தால் காலில் கட்டி உறைந்து ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது. நம் பக்கத்தில் டெங்குவும் மலேரியாவும் உண்ணிக் காய்ச்சலும் உண்டு; பக்கவாதத்துக்கு முன்பே காய்ச்சல் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இவை எதுவும் இல்லை என்று ஆன பிறகுதான் மூளையின் வெப்பக் கட்டுப்பாடே கெட்டு வந்த காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பெரிய ரத்தக்கசிவில்தான் அது அதிகம், பாரசிட்டமாலுக்கு அடங்காது; இயந்திரம் உண்மையில் பயன்படும் இடம் அது.

குளிரூட்டுவதற்காக மட்டும் சென்னைக்கு 450 கிலோமீட்டருக்கு மேல் ஆம்புலன்ஸில் கொண்டுபோக வேண்டாம் என்பதே என் கருத்து. வழியில் நடக்கக்கூடிய கெடுதிக்கு ஈடான லாபம் அங்கே காத்திருக்கவில்லை. இடம் மாற்றுவது பற்றி அவசரமாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அடைப்பா கசிவா, அடைப்பு என்றால் பெரிய தமனியா, மூளை வீங்குகிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். வீக்கம் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை கூடும். பெரிய அடைப்பில் 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் மண்டையோட்டின் ஒரு பகுதியைத் திறந்து வைக்கும் அறுவையால் உயிர் பிழைப்போர் 29-லிருந்து 78 சதவீதமாக உயர்ந்தார்கள் என்று 2007-ல் ஐரோப்பிய ஆய்வுகள் காட்டின. பிழைப்பவர்களில் பலருக்கு ஊனம் மிஞ்சும் என்பதையும் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும். அதைச் செய்யக்கூடிய நரம்பியல் அறுவை மருத்துவர்கள் மதுரையிலேயே இருக்கிறார்கள். அப்பா நேற்றைவிட இன்று அதிகம் தூங்கி வழிந்தாலோ, கூப்பிட்டால் கண் திறக்கத் தாமதித்தாலோ, வாந்தி எடுத்தாலோ, ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தாலோ, காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நிமிடமே நர்ஸிடம் சொல்லி, மறுபடி சி.டி. எடுக்க வேண்டுமா என்று டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள்.